அடையாறும் ஆத்தோரமும்

எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேரும் இடமும் சொல்ல வேண்டும். நான் 'அடையாறு' என்றேன். ஆசிரியர் முகத்தில் ஒரு மலர்ச்சி. 'அடையாறுல எங்கம்மா?' என்று கேட்டு, காந்தி நகரா, இந்திரா நகரா, கஸ்தூர்பா நகரா என்று அவரே மூன்று இடங்களை எடுத்தும் கொடுத்தார். 'ஆத்தோரம் சார்' என்றேன். 'ஓ' என்றார். அடுத்த பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் என்னைத் திட்டவில்லை, அவமானப்படுத்தும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் அந்த 'ஓ'வை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஊர்நாட்டில் சாதியைத் தெரிந்துகொள்ள 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். சென்னையில் 'அடையாறுல எங்க?' என்று கேட்கிறார்கள். அடையாறு என்றால் பங்களா, மரம் அடர்ந்த சாலை, நல்ல பள்ளிக்கூடம். ஆத்தோரம் என்றால் குடிசை, நாற்றம், 'சேரி பாஷை'. இரண்டும் ஒரே தண்ணீரின் பெயர்தான். ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கு மதிப்பும், ஆற்றை வைத்துக்கொண்டவர்களுக்கு இழிவும் எப்படி வந்து சேர்ந்தன? ஆறு கெட்டதற்கு யார் பொறுப்பு? நாளைக்கு ஆறு திருந்தினால் அது யாருக்கு? இவற்றைச் சுற்றுச்சூழல் கேள்விகளாக மட்டும் பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இவை அறவியல் கேள்விகள். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், தீட்டு பற்றிய கேள்விகள்.

1

அடையாறு பெரிய ஆறு இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வந்து, முகத்துவாரத்தில் அகன்று நிற்கிறது. அங்கே வடகரையில் படகுக் குழாம், செட்டிநாட்டு அரண்மனை. தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபை. இவற்றுக்கு இடையில் கிடைத்த இடுக்குகளில் நாங்கள்.

எங்கள் ஆயா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். 1970-களின் தொடக்கத்தில் திரு.வி.க. பாலம் கட்டும்போது சித்தாளாக ஜல்லி சுமந்தார். வேலை முடிந்து பாலம் நின்றது. வேலை செய்தவர்கள் அதன் பக்கத்திலேயே ஓலை போட்டுத் தங்கிவிட்டார்கள். இந்த நகரத்தில் சேரி உண்டான கதை பெரும்பாலும் இதுதான். எதைக் கட்ட வந்தார்களோ அதன் காலடியில் தங்கினார்கள்.

இது ஆயாவோடு தொடங்கியதும் இல்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். கால்வாய்க்கு கவர்னரின் பெயர் வைக்கப்பட்டது. இதே ஆற்றின் தென்கரையில் 1894-இல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்து, 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். சாதியால் தாழ்த்தப்பட்டோர் முன்னாளில் பௌத்தர்கள் என்ற அவருடைய வாதம் பரவிய வழியில் இந்த ஆற்றங்கரையும் இருக்கிறது. கரையின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பங்களாக்களின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள்.

2

'ஸ்லம் ஜனங்கதான் ஆத்தை நாசம் பண்ணிட்டாங்க.' மயிலாப்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் படித்த, நல்ல மனசுள்ள ஒருவர் இப்படிப் பேசினார். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது: 'ஆத்துல போடறதுக்கு எங்களாண்ட இன்னா கண்ணு இருந்திச்சி?'

இந்தக் கேள்வியை நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது அரசு பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. தெருக்குழாயில் பிடிப்பவர்களுக்கு 40 லிட்டர். தரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்குதான். அப்படியானால் வீட்டுக்குள் குழாய் உள்ளவர் ஒரு நாளைக்கு 108 லிட்டர் சாக்கடையை உண்டாக்குகிறார். தெருக்குழாயில் குடம் வைத்தவர் 32 லிட்டர். எங்கள் வரிசையில் 40 லிட்டர் வந்த நாள் திருவிழா. தண்ணீர் லாரி வராத நாளில் நாங்கள் ஆற்றுக்கு ஒன்றுமே செய்ய முடிந்திருக்காது!

அதிகம் தண்ணீர் பெற்றவர்தான் அதிகம் சாக்கடை தருகிறார். இது எளிய கணக்கு. பாதாளச் சாக்கடை போடாமலே அடுக்குமாடிகளை வளரவிட்ட புறநகர்கள், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த கழிவுக் குழாய்கள், பல்லாவரம், பம்மல் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள், இவையெல்லாம் இந்த ஆற்றுக்குள்தான் வந்து சேர்ந்தன. நாங்கள் ஆற்றில் எதுவும் கலக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கக்கூஸ் கட்டித் தராத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தோம். ஆனால் எங்கள் கழிவு கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கழிவு குழாய்க்குள் போனது. தெரிந்தது குற்றம் ஆயிற்று, தெரியாதது நாகரிகம் ஆயிற்று.

அம்மா நந்தனத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். காலையில் அந்த வீடுகளின் கக்கூஸைக் கழுவிவிடுவார். மழைநாளில் மூடிகள் பொங்கி எல்லாம் வடிகாலில் கலக்கும். சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது எங்கள் பின்புறம் கறுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டால் ஆத்தோரம் அசுத்தம் என்பார்கள். அம்மா அவர்கள் கழிவை அங்கே ஒரு தரமும் இங்கே ஒரு தரமும் பார்த்தார்.

3

அழுக்கை உண்டாக்குகிறவன் சுத்தமானவன், அழுக்கின் பக்கத்தில் இருக்கிறவன் அழுக்கானவன். இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதா? செத்த மாட்டை வளர்த்தவன் தீட்டு இல்லை, அதை அப்புறப்படுத்தியவன் தீட்டு. துணியை அழுக்காக்கியவன் தீட்டு இல்லை, வெளுத்தவன் தீட்டு. சாதியம் காரணத்தைப் பார்ப்பதில்லை, அருகாமையைத்தான் பார்க்கிறது. யார் தொட்டார், யார் பக்கத்தில் நின்றார் என்பதே அதற்குச் சாட்சியம். அந்த அருகாமையும் தேர்ந்தெடுத்தது இல்லை, தள்ளிவிடப்பட்டது. முதலில் அழுக்கின் பக்கம் தள்ளுவது, பிறகு 'பார், அழுக்கின் பக்கம் இருக்கிறான்' என்று காட்டுவது.

1927 மார்ச் 20. மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடித்த குளம்தான் அது. பிற சமயத்தாரும் எடுத்த தண்ணீர்தான். அப்போதெல்லாம் கெடாத தண்ணீர் மனிதர்களாகிய நாம் தொட்டதும் கெட்டுப்போனது. சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

இன்று சாணம் ஊற்றுவதில்லை. பொக்லைன் வருகிறது. மந்திரத்துக்குப் பதிலாகச் 'சீரமைப்பு' என்ற சொல் ஓதப்படுகிறது. ஆற்றுச் சீரமைப்பே கூடாது என்பது என் வாதமில்லை. சீரமைப்பின் முதல் வேலை கழிவுக் குழாயை அடைப்பதாக இல்லாமல் மனிதர்களை அகற்றுவதாக இருக்கும்போது, அங்கே நடப்பது பொறியியல் இல்லை. தீட்டுக் கழிப்பு.

4

'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று எங்களைச் சொல்கிறார்கள். சரி, நீர்நிலையில் குடியிருப்பது ஆக்கிரமிப்பு என்றால் அந்த அளவுகோலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவோம்.

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் ஏரி தூர்க்கப்பட்டு, மனைகளாகி, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரைப் பெற்றது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. ஏரி இல்லாத ஏரிப் பார்வை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் 1997-இல் மயிலாப்பூர் வந்தது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. வளர்ச்சி என்கிறார்கள். ஏரிக்குள் வீடு கட்டினால் நகர், ஏரிக்கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறம்போக்கு. வரி விதிக்கப்படாமல் புறத்தே விடப்பட்ட நிலம். மேய்ச்சலுக்கு, நீருக்கு, சுடுகாட்டுக்கு என்று ஊரின் பொதுவுக்கு விடப்பட்ட இடம். அது எப்போது வசைச்சொல் ஆனது? விலை போகாத நிலத்தையும், நிலம் இல்லாத மனிதனையும் ஒரே சொல்லால் திட்டப் பழகியபோது. 1892-இல் தொடங்கிய பஞ்சமி நில உரிமையைப் பற்றி நம் இயக்கங்கள் விடாமல் பேசுகின்றன. பேச வேண்டும். ஆனால் நகரத்துச் சேரி நிற்கும் ஆற்றுப் புறம்போக்கைப் பற்றி நமக்கு ஒரு கோட்பாடு இல்லை. இடிக்கும்போது மறியல் செய்கிறோம், இடித்த பிறகு மறந்துவிடுகிறோம். இது நம் பக்கத்துக் குறை.

5

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். நள்ளிரவில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஆயாவை அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டான். என் எம்.ஏ. சான்றிதழை அம்மா பாலிதீன் பையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். அந்த ஒரு ராத்திரி சேரியும் பங்களாவும் ஒரே தண்ணீரில் நின்றன. சமத்துவம் வந்துவிட்டது என்று சிலர் அப்போது எழுதினார்கள். தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்தது. நகரத்தின் சேற்றையும் குப்பையையும் அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர், மற்ற தலித் மக்கள். பலருக்குக் கையுறையும் இல்லை, தங்க ஒழுங்கான இடமும் இல்லை. வெள்ளத்துக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். சேற்றுக்கு இருந்தது.

அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த மனிதர் யார் என்று யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் கரையில் இருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள். எங்கள் முறை 2017-இல் வந்தது. குடும்பத் தலைவரின் கைரேகையை எடுத்தார்கள், லாரியில் ஏற்றினார்கள், பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள்.

'உங்க பாதுகாப்புக்குத்தான்' என்றார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லிச் சதுப்போரம் வைத்தார்கள். மழை பெய்தால் அங்கேயும் சாலை தெரியாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை எட்டு மாடி உயரத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

சென்ற வருஷம் ஆயாவை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ் திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் முன் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'எல்லாம் இந்தக் குடிசைக்காரங்களால' என்றார். ஆயா ஜன்னல் வழியாகப் பார்த்தது. எங்கள் இடத்தில் கம்பி வேலியும் செடிகளும் இருந்தன. மனிதர் யாரும் இல்லை. தண்ணீர் அதே கறுப்பு. 'அங்க இப்ப யாருமே இல்லியேம்மா. நாங்க போயி எத்தினி வருசமாவுது. அப்ப இது யாரோட நாத்தம்?' என்றது ஆயா. அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்துவிட்டார்.

6

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். ஆத்தோரத்தை நான் சொர்க்கம் என்று எழுதினால் அம்மா என்னை மன்னிக்க மாட்டார். விடியுமுன் இருட்டில் வெளிக்கிருக்கப் போன வருஷங்களை அவர் மறக்கவில்லை. பாம்பு, கொசு, தங்கச்சிக்கு வந்த மஞ்சள் காமாலை, எதையும் மறக்கவில்லை. 'கதவு வச்ச கக்கூஸ் கெடச்சதே அங்க போனப்புறம்தாண்டி' என்பார். ஆயாவோ, 'கக்கூஸ் கீது, துண்றதுக்கு வேலை எங்க கீது?' என்று மடக்கும். நந்தனத்துக்குப் போய்வர அம்மாவுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பஸ்ஸில் கழிந்தது. மூன்று வீட்டு வேலை ஒன்றானது. ஒரு வருஷத்தில் அதுவும் நின்றது. தம்பி பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டான்.

அண்ணல் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார். அப்படியானால் சேரியை விட்டு வெளியேறியதற்கு நான் ஏன் அழ வேண்டும் என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது: வெளியேறுவது வேறு, வெளியேற்றப்படுவது வேறு. முதலாவது, நான் கால் வைக்கும் இடத்தை நான் தேர்வது. இரண்டாவது, நான் கால் வைக்கக் கூடாத இடத்தை இன்னொருவர் தீர்மானிப்பது. அம்மா கேட்டது கதவு வைத்த கக்கூஸ். ஆயா கேட்டது நடந்து போகிற தூரத்தில் வேலை. இரண்டையும் ஒரே இடத்தில் தர முடியாது என்று எந்தப் பொறியியலும் சொல்லவில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தார்கள். கோட்டூர்புரத்திலும் பட்டினப்பாக்கத்திலும் சாட்சி நிற்கிறது. அப்போது முடிந்தது பிறகு ஏன் முடியாமல் போயிற்று? நிலத்துக்கு விலை வந்துவிட்டது. ஆறு 'காட்சி' ஆகிவிட்டது.

7

2017 மார்ச் 20. மகாத் நடந்து சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள். அன்று உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி 'நபர்' என்று அறிவித்தது. அந்த நபருக்குப் பாதுகாவலர்களாக அரசு அதிகாரிகளை நியமித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே மார்ச்சில் நியூசிலாந்தில் வாங்கனூய் என்ற மலையாற்றுக்கும் சட்டம் அந்தத் தகுதியைக் கொடுத்தது. ஆனால் அங்கே அது நூறு வருஷத்துக்கு மேல் வழக்காடிய மாவோரி மக்களின் வெற்றி. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர். ஒருவரை அரசு நியமிக்கும், மற்றவரைக் கரையின் மக்கள் அனுப்புவார்கள். ஆறும் கரை மக்களும் வேறு வேறு இல்லை என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

நமக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிருள்ள நபர் என்றது. அடுத்த மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். ஆற்றுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடிக்க முடிந்த சமூகத்துக்கு அதன் கரையில் இருப்பவருக்கும் உயிர் உண்டு என்று கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? ஆற்றைத் தாய் என்று கும்பிடுவதும், தாயின் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை அசுத்தம் என்று இழுத்தெறிவதும் எப்படி ஒரே பக்தியில் அடங்குகிறது?

2024-25 நிதிநிலை அறிக்கையில் அடையாற்றுச் சீரமைப்புக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்லது, ஆறு சுத்தமாகட்டும். என் ஆயாவைவிட அதை விரும்புகிறவர் இந்த நகரத்தில் யாரும் இருக்க முடியாது. அந்த நாற்றத்தில் நாற்பது வருஷம் மூச்சு விட்டது அவர்தான். அதனால்தான் சொல்கிறேன், ஓர் ஆறு கெட்டதால் யார் அதிகம் துன்பப்பட்டார்களோ, ஆறு திருந்தும்போது முதல் உரிமை அவர்களுக்கு. இது சலுகை இல்லை, அறம். முதலில் குழாய்களை அடையுங்கள். ஒரு மனிதரையும் சாக்கடைக்குள் இறக்காமல் அதைச் செய்யுங்கள். 2013-லேயே சட்டம் அதைத் தடுத்துவிட்டது. ஆற்றுக்காக அமைக்கும் எந்தக் குழுவிலும் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களை உட்கார வையுங்கள். திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுங்கள்.

தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள். பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழி காட்டுவதைத்தான் ஆற்றுப்படை என்றார்கள். இந்த நகரத்தில் நம் ஆட்களுக்குக் காட்டப்பட்ட ஆறு ஒன்றே ஒன்று, வெளியே போகும் ஆறு. உள்ளே வரும் ஆற்றை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போதும் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பெரும்பாக்கம் என்கிறேன். 'அதுக்கு முன்னாடி?' என்று கேட்டால், 'ஆத்தோரம்' என்கிறேன். அடையாறு என்று சொல்வதில்லை.